பாட்டும் நமதாகட்டும்

பிலிமத்தலாவையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் அதிக தூரமில்லை. 1956இல் பேராசிரியர் சரச்சந்திர தம் மாணவர்களைக் கொண்டே ‘மனமே’ என்ற சிங்கள இசை நாடகத்தை உருவாக்கினார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார்.

நாமோ கலைவிழாவில் பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைக்கிறோம். தேயிலை கொய்யும் தாயைப் பற்றியோ, நம்மூர்ப் பித்தளைத் தொழிலாளியைப் பற்றியோ நாமே எழுதி, மெட்டமைத்துப் பாடும் ஒரு நாடகத்தை ஆண்டுதோறும் படைக்கலாமே!

பெற்றோரே, உங்கள் தயக்கம் புரிகிறது. அவையில் தாய்மாரும் மாணவியரும் மட்டுமே இருக்கட்டும். ஒத்திகை நேரம் வீண்போகாது. எழுதவும், அச்சமின்றிப் பேசவும், சேர்ந்து உழைக்கவும் உங்கள் மகள் அங்கேதான் பழகுவாள்.