கண் ஊசியைப் பாதியில் நிறுத்தலாமா?

நீரிழிவினால் விழித்திரையில் நீர் கோத்துப் பார்வை மங்கியவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடப்படுகிறது. இரண்டு, மூன்று ஊசிகளில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்துவிட்டால், அடுத்த தவணைக்குப் பலர் வருவதில்லை. வலியும் செலவும் எமக்குப் புரிகின்றன. ஆயினும் இம்முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றை உயிரணு அடுக்கு போர்த்தியிருக்கிறது. சுற்றியுள்ள திசுக்கள் அனுப்பும் வேதிச் சமிக்ஞைகளுக்கேற்ப அது நடந்துகொள்ளும். நீரிழிவில் நுண்குழாய்கள் அடைபட்டு ஆக்சிஜன் குறையும்போது, விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. உடனே குழாய்கள் கசிகின்றன. நாளடைவில் வலுவற்ற புதுக் குழாய்களும் முளைக்கின்றன. 1983இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதனைக் கசிவுக் காரணியாகவே கண்டனர். 1989இல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றதும் இதுவே. கருவில் குழாய்களை வளர்ப்பதும், காயத்தை ஆற்றுவதும் இப்புரதந்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

ஊசி மருந்து அப்புரதத்தைப் பிடித்துவைக்கிறதேயன்றி, அதைச் சுரக்கச் செய்யும் அடைப்பை நீக்குவதில்லை. சில வாரங்களில் மருந்தின் வலு குறைந்ததும் கசிவு திரும்பக்கூடும். முதல் ஊசிக்கு முன்பே இதை விளக்குவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.

செலவு தடையாயின் மறைக்காமல் சொல்லுங்கள். 2004இல் குடற்புற்றுக்கென அனுமதி பெற்ற பெவசிசுமாப், குறைந்த விலையில் கண்ணுக்கும் பயன்படுகிறது. எப்போது நிறுத்தலாம் என்பதை விழித்திரை ஸ்கேனைப் பார்த்துக் கண் மருத்துவர் கூறுவார்.