ரெண்டு அங்குல அம்மா

அம்மாவின் முதல் வருஷத் திதி மார்கழியில். வருகிற சொந்தங்களுக்கெல்லாம் அம்மா படம் போட்ட காலண்டர் கொடுப்பதென்று முடிவு செய்தேன். (யோசனை மனைவியுடையது. முடிவு மட்டும் என்னுடையது.) அச்சு சிவகாசியில். டிசைன் இங்கே மதுரையில், மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடிக் கடையில்.

படம் ரெடி. வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில், கிளிப்பச்சைச் சுங்குடிப் புடவையில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே படம். மற்றதில் எல்லாம் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரிதான் நிற்பாள்.

டிசைனர் தம்பி உதட்டைப் பிதுக்கினான். "அண்ணே, ஃப்ளெக்ஸுன்னா தூரத்துல பாக்குறது, ஓட்டிரலாம். காலண்டரைக் கிட்டக்க பாப்பாங்க. அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். இது 600-க்கு 800. ரெண்டு அங்குல அகலத்துக்கு மேல இழுத்தா கட்டம் கட்டமாத் தெரியும்."

நான் பி.காம். ஆச்சே, கணக்குப் போட்டேன். அத்தை மகன் செல்போனில் எடுத்தது 3000-க்கு 4000. மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளி! 10 அங்குல அகலத்துக்குத் தாராளம். ஃபேமிலி குரூப்பில் வந்தபோது சுருங்கியது. அதை ஒருத்தர் ஸ்டேட்டஸில் வைக்க, நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். மிஞ்சியது 4 லட்சத்து 80 ஆயிரம். இந்த நஷ்டத்தை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? 'டாக்குமென்ட்'டாக அனுப்பியிருந்தால் சேதாரம் இல்லாமல் வந்திருக்கும்.

அத்தை மகனுக்கு போன் போட்டேன். "அந்த செல்லை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டேனே மச்சான்!"

தம்பி இரக்கப்பட்டு, ஏ.ஐ.யில் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கினான். பளிச்சென்று வந்தது. இல்லாத புள்ளியை அதுவே யூகித்துப் போடுமாம். அம்மாவின் உடைந்த முன்பல்லையும் அதுவே கட்டிவிட்டிருந்தது! அம்மா மாதிரியே இருந்தது. அம்மா இல்லை.

"வேணாம் தம்பி. ரெண்டு அங்குலமே போடு."

அச்சுக்கான நாலு மைக்கு மாற்றிக் காட்டினான். கிளிப்பச்சை கொஞ்சம் மங்கியது. திரை காட்டுவது வெளிச்சம், தாளில் விழுவது மை. அந்தப் பச்சை மைக்குள் அடங்காதாம். நல்லவேளை, அழுகை 500 காப்பி அடிப்பதற்கு முன்பே முடிந்தது.

திதியன்று காலண்டரை வாங்கியவர்கள் எல்லோரும் கண்ணாடியைத் தேடி மாட்டி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். "அடியே, அந்த உடைஞ்ச பல்லு!" என்று சித்தி சிரித்தபடியே அழுதாள்.

அது சரி, உங்கள் அம்மா சிரிக்கிற படம் யார் செல்லில் இருக்கிறது? அவர் செல்லை மாற்றுவதற்குள் ஒரிஜினலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.