"பழகிடும் சார்" என்பது பதில் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னை 45 நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புது வண்டி வாங்கியது உங்களில் பலருக்குத் தெரியும். "வாத்தியாருக்கு எதுக்கு ஜீப் மாதிரி வண்டி?" என்று சிரித்தவர்களும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது எங்களைப் படகில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடியும் தெருவில் தண்ணீர். அதனால்தான் உயரமான, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கிளட்ச் மிதிக்க இடது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் ஆட்டோமேட்டிக். பணி ஓய்வில் வந்த பணத்தில் மிச்சம் வைத்திருந்ததைப் போட்டு வாங்கினேன்.

வாங்கிய மூன்றாவது வாரம். மண்ணிவாக்கம் பக்கம், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் யூ-டர்ன் எடுக்கிறேன். பின் சீட்டில் பேத்தி. எதிர்ப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி தூரத்தில்தான் வருகிறது, தாராளமாகப் போகலாம். வண்டி மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் சத்தம் ஏறியது. வண்டி ஏறவில்லை. இன்னும் அழுத்தினேன். அப்போதும் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று ஒரே பாய்ச்சல். லாரிக்காரர் பிரேக் போட்டதால் இன்று இதை எழுதுகிறேன். "தாத்தா, ஏன் நடு ரோட்டில நின்னீங்க?" என்று பேத்தி கேட்டாள். நான் நிற்கவில்லையம்மா, வண்டிதான் யோசித்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்பெனி பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள், சொல்லப் போவதில்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி சொன்னது: "எரர் கோட் எதுவும் இல்ல சார். ஆட்டோமேட்டிக்னா இப்படித்தான். உங்க டிரைவிங் ஸ்டைல்தான் காரணம். போகப் போகப் பழகிடும் சார்." ஜாப் கார்டில் என் புகாரே இல்லை. "ஜெனரல் செக்கப்" என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் என் மகனும் போனில் அதையேதான் சொன்னான்: "அப்பா, உங்களுக்கு வயசாயிடுச்சு. ரியாக்‌ஷன் டைம் குறைஞ்சிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

ஆட்டோமேட்டிக்கில் கொஞ்சம் தாமதம் இயல்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே ஓடாத மின்விசிறியை வைத்தால் அதுவும் மெல்லச் சுற்றும் என்று சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? டார்க் கன்வெர்ட்டர் அதே தத்துவம்தான், காற்றுக்குப் பதில் எண்ணெய். ஆக்ஸிலேட்டரிலும் இப்போது கேபிள் கிடையாது. நம் கால் ஒரு மின் சைகையைத்தான் அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அதைப் படித்து, கியரைக் குறைக்க முடிவு செய்து, எண்ணெய் அழுத்தத்தை மாற்றி, உள்ளே இருக்கும் கிளட்சுகளைப் பிடிக்க வைக்க வேண்டும். டர்போ இருந்தால் அதுவும் வேகம் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் நேரம் ஆகும். ஆனால் எவ்வளவு நேரம்? அந்தக் கேள்விக்குச் சர்வீஸ் சென்டரில் ஒருவரிடமும் பதில் இல்லை. அளக்காமலேயே "நார்மல்" என்று எப்படிச் சொன்னார்கள்?

சரி, நாமே அளப்போம் என்று முடிவு செய்தேன். ஊசல் சோதனையில் 20 அலைவு எண்ணி 20-ஆல் வகுத்தோமே, அதே முறை. ஆள் நடமாட்டமில்லாத ஒரு லே-அவுட் சாலை, காலை ஐந்தரை மணி. அண்ணன் பையன் இரண்டு போன்களைப் பொருத்தினான். ஒன்று என் காலைப் பார்த்து, ஒன்று ஸ்பீடோமீட்டரைப் பார்த்து. இரண்டு வீடியோவையும் ஒன்றாகப் பொருத்த ஒரு கைதட்டல். நொடிக்கு 30 படம் என்பதால் ஒவ்வொரு படமும் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. மீட்டர் காட்டுவதிலும் தாமதம் இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகத்தான் நின்ற நிலையில் 20 முறை, மெதுவாக உருளும்போது 20 முறை என்று எடுத்து ஒப்பிட்டோம்.

நின்ற நிலையில் சராசரி 0.6 நொடி. உருளும்போது 1.7 நொடி. மூன்று முறை இரண்டு நொடியைத் தாண்டியது. கால் பெடலை அழுத்திய பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. ஆகவே என் வயதுக்கும் ரியாக்‌ஷனுக்கும் இதில் இடமே இல்லை, மகனே! மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் லாரி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கும். 1.7 நொடியில் 24 மீட்டர், இரண்டு பஸ் நீளம். இதற்கா பழகிக்கொள்ள வேண்டும்?

"டிரைவிங் ஸ்டைல்" என்ற சாக்கு நம்மூர்க் கண்டுபிடிப்பு இல்லை. நமது மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு, ஆஸ்திரேலியாவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் பவர்ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டது. வண்டி நடுங்குகிறது என்று புகார் சொன்னவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று அடிக்கடி சொல்லப்பட்டது. தரத்தில் கோளாறு என்று தெரிந்தே சொன்னார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நிறுவனமும் தவறை ஒப்புக்கொண்டது. என் வண்டி அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த வகை கியர்பாக்ஸும் இல்லை. சாக்கு மட்டும் ஒன்றே.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். "சார், புரியல" என்று எழுந்து நின்ற பையனிடம் "நீ கவனிக்கல, அதான்" என்று நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நான் நடத்தியதில் குறை இருக்குமோ என்று யோசித்ததில்லை. அந்த வார்த்தை எதிரே இருப்பவரை எப்படிச் சுருங்க வைக்கும் என்று கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றபோதுதான் தெரிந்தது. அப்படி உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள்.

அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து மறுபடி போனேன். புகாரை என் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதினால்தான் கையெழுத்து என்றேன். மூத்த டெக்னீஷியன் ஒருவர் என்னோடு வண்டியில் ஏறினார். ஐந்தாவது முறையே "ஆமா சார், லேட் ஆகுது" என்றார். கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரைப் புதுப்பித்து, பழைய பதிவுகளை அழித்துத் திரும்பக் கற்க வைத்தார்கள். இப்போது உருளும்போது 0.9. முதல் நாளே செய்திருக்கலாம், மனம்தான் இல்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால்:

1. சரியாகும்வரை யூ-டர்னில் உருண்டுகொண்டே நுழையாதீர்கள். முழுதாக நிறுத்தி, மேனுவல் முறையில் முதல் கியரைப் பிடித்துப் பிறகு கிளம்புங்கள். வண்டி யோசிக்கும்போது மேலும் மிதிக்காதீர்கள், பாய்ந்துவிடும்.

2. இழுவை கூடும் என்று நினைத்து, காய்ந்த தார் சாலையில் ஃபோர் வீல் டிரைவைப் போடாதீர்கள். இவ்வகை வண்டிகள் பலவற்றில் அது சேற்றுக்கும் மணலுக்கும்தான். தார் சாலையில் கியர்கள் இறுகிக் கெடும்.

3. அளந்து எழுதுங்கள், வீடியோ எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு நகல் வாங்குங்கள். எழுதப்படாத புகார் நடக்காத புகார்.

4. மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சர்வீஸ் சென்டர்களில் வேலை செய்யும் என் மாணவர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே இருந்து என்ன சொல்லச் சொல்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் அடுத்த முறை ஒரு பெரியவர் வந்து "வண்டி தயங்குதுப்பா" என்றால், அவரோடு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்
முடிச்சூர்