கலர் கோழிக்குஞ்சு விளையாட்டுச் சாமானா?

சைக்கிளில் அட்டைப்பெட்டி கட்டி, ரோஸ், பச்சை, ஊதா என்று கோழிக்குஞ்சு விற்க வருபவரை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெட்டியைத் திறந்ததும் நாம் ஓடிப்போய் மொய்த்துவிடுகிறோம். சில்லறைக் காசுக்கு ஓர் உயிர் நம் கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் அது என்ன ஆகிறது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. அந்தக் கலர் வெறும் சாயம். புது இறகு முளைத்தால் போய்விடும். இவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் பொரித்த சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கோழி மாதிரி சீக்கிரம் எடையும் போடாது. பண்ணைக்கு வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு மலிவு.

நம் வீட்டு நாட்டுக்கோழி 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கிறது. பிறகு றெக்கைக்குள் வைத்துச் சூடு கொடுக்கிறது. கிளறி இரை காட்டுகிறது. பருந்தைக் கண்டால் கத்துகிறது. பெட்டியில் வரும் குஞ்சுக்குத் தாயே கிடையாது. வாங்குகிறவர்தான் அதுக்குத் தாய்க்கோழி!

முதல் வாரம் அதுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேணும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். எல்.இ.டி. பல்பு போட்டால் பத்தாது, குண்டு பல்புதான் சூடு தரும். பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு கத்தினால் குளிர் என்று அர்த்தம். வாயைத் திறந்தபடி விலகி நின்றால் சூடு அதிகம். நாமோ செருப்பு டப்பாவில் போட்டுவிட்டு, ராத்திரி அது கத்தினால் பசி என்று நினைத்து அரிசியைக் கொட்டுகிறோம். சில பேர் குளிப்பாட்டவே செய்கிறார்கள்!

"நாம வாங்கலேன்னா பண்ணையிலேயே கொன்னுடுவாங்களே, பாவம் இல்லையா?" என்று என் தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பெட்டி காலியானால் அடுத்த பெட்டி வரும். குளிரில் விறைத்துச் சாகவிடுவது காப்பாற்றுவது ஆகுமா? விற்கிறவரைத் திட்டியும் பயனில்லை. அது அவர் பிழைப்பு. வாங்குவது நாம்தானே?

ஆகவே காசை நீட்டும் முன் யோசியுங்கள். கரண்ட் போனால் சூட்டுக்கு என்ன வழி? நாம் பள்ளிக்கூடம் வந்த பிறகு தண்ணீர் வைப்பது யார்? பூனைக்கும் காக்காவுக்கும் எட்டாத இடம் இருக்கிறதா? துணைக்கு இன்னொரு குஞ்சு உண்டா? தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவோமா? பெரிய சேவலானதும் வீட்டில் குழம்பு வைத்தால் அழாமல் இருப்போமா? இதையும் அம்மாவிடம் முன்னாடியே பேசிக்கொள்வது நல்லது!

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்கி வளருங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடலாம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது நம் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினால் மட்டும் போதுமா, நண்பர்களே?

– 9-ஆம் வகுப்பு மாணவி