கண்மாய்த் தவளையும் உயிரின் தோற்றமும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட எங்கள் வானம் பார்த்த சீமையை அறிந்தோர், அங்கே ஒரு நல்ல மழை பெய்வது திருவிழாவுக்கு நிகரென்பதை அறிவர். ஆண்டின் பெரும்பகுதி கரிசல் வெடித்துக் கிடக்கும். கண்மாயின் உள்வாயில் ஆடுகள் மேயும். குண்டாறு வெறும் மணலாறாய்க் கிடக்கும். ஐப்பசியில் ஓரிரவு மழை கொட்டித் தீர்த்தால், விடியுமுன்னரே கண்மாய் முழுதும் தவளைகளின் பேரொலி எழும். நேற்று வரை ஒரு துளி நீரும் இல்லாதிருந்த இடத்தில் இத்துணைத் தவளைகள் எங்கிருந்து வந்தன? சிறுவனாய் இருந்த காலத்தில் என் பாட்டியாரை யான் இவ்வாறு வினவியதுண்டு. "மண்ணு பெத்ததுய்யா" என்பதே அவர் விடை.

அம்மூதாட்டியாரை எள்ளுதல் தகாது. நம் முன்னோர் உயிர்களின் பிறப்பை நால்வகையாய் வகுத்தபோது, கருப்பையிற் பிறப்பன, முட்டையிற் பிறப்பன, வித்தினின்று முளைப்பன என்பவற்றோடு, வேர்வையிற் பிறப்பன என்று ஒரு வகையையும் சேர்த்தே கூறினர். கிரேக்கப் பேரறிஞராகிய அரிஸ்டாட்டிலும் சில உயிர்கள் சேற்றினின்று தாமே தோன்றுமென்று எண்ணினார். 1668இல் இத்தாலியராகிய ரெடி என்பார், இறைச்சியை மெல்லிய துணியால் மூடி வைத்து, ஈ வந்து முட்டையிடாவிடின் அதிற் புழு தோன்றாதென்று காட்டினார். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர், வளைந்த கழுத்துடைய குடுவையிற் காய்ச்சிய சாற்றை வைத்து, புறத்திலிருந்து நுண்ணுயிர் புகாதவரை அதில் உயிர் தோன்றுவதில்லை என்று நிறுவினார். எங்கள் கண்மாய்த் தவளையும் மண் ஈன்றதன்று. கோடையில் ஈரம் நாடி மண்ணுள் புதைந்து கிடந்து, மழையின் தண்மை எட்டியதும் அது மேலே வருகின்றது. விராலும் சேற்றினுள் வறட்சியைக் கழிக்க வல்லது. நீரில் வாழும் சில சிற்றுயிர்களின் முட்டைகள் உலர்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கிற் கெடாதிருந்து, நீர் பட்டவுடன் பொரிக்கின்றன.

இத்தவளைகளை எனக்கு மீண்டும் நினைப்பூட்டியது, சென்ற விடுமுறையில் எங்கள் இல்லத்தில் எழுந்த ஒரு வாதமேயாம். பத்தாம் வகுப்பிற் படிக்கும் என் தம்பிக்கு, 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்பது அறிவியல் நூலில் ஒரு பாடம். மாலை ஜெபம் முடிந்தபின் அவன் எங்கள் தந்தையாரை நோக்கி, "அப்பா, பாடம் மெய்யா, ஆதியாகமம் மெய்யா?" என்று கேட்டான். எங்கள் தந்தையார் சபையின் மூப்பர்களுள் ஒருவர், பொய் பேசியறியாதவர். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, "பரீட்சையில் பாடத்தை எழுது, வீட்டில் வேதத்தை நம்பு" என்றார். தம்பி தலையசைத்துவிட்டுப் போயினான். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் யான் இக்கட்டுரையை எழுதியிரேன். அவனது தலையசைப்பே என்னை வருத்தியது. மதிப்பெண்ணுக்கு ஓர் உண்மை, வீட்டின் அமைதிக்கு வேறோர் உண்மை என்று அன்றைக்கு ஒரு சிறுவன் கற்றுக்கொண்டான். அவ்வாறு கற்பது அறிவியலுக்கும் கேடு, விசுவாசத்துக்கும் கேடு என்பதே என் துணிபு.

இஃது எங்கள் வீட்டு வழக்கு மட்டுமன்று. 2023ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு பத்தாம் வகுப்பு நூலினின்று பரிணாமப் பகுதியை நீக்கியபோது, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் ஒப்பமிட்டு அதனைக் கண்டித்தனர். பாடத்தை நீக்கினால் வினாவும் நீங்குமென்று எண்ணுவது வீண். எங்கள் சீமையில் அவ்வினாவுக்கு எத்தனை விடைகள் ஏற்கெனவே வழங்குகின்றன என்று பாருங்கள்.

திருச்சுழியில் சுந்தரர் பாடல்பெற்ற திருமேனிநாதர் கோயில் உளது. ஊழிவெள்ளம் உலகை மூடவந்தபோது, சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைத்து அதனைச் சுழித்து உள்ளே செலுத்தினார் என்றும், அதனாலேயே ஊர் அப்பெயர் பெற்றதென்றும் தலபுராணம் கூறும். நோவாவின் பேழையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அக்கதை அயலாய்த் தோன்றியதில்லை. எனினும் சைவ சித்தாந்தம் உயிருக்குத் தொடக்கமே இல்லை என்று கூறும். இறை, உயிர், தளை மூன்றும் அநாதி. உடம்பே வந்து போவது. அவ்வூரில் 1879இற் பிறந்து, மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியிற் பயின்ற வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷியாய்த் திருவண்ணாமலையில் அமர்ந்தபோது, உலகத் தோற்றத்தைப் பற்றிக் கேட்பாரைக் 'கேட்கும் நீ யார்' என்ற வினாவுக்கே திருப்பினார். அருப்புக்கோட்டையில் எம்மோடு வாழும் இஸ்லாமிய அன்பர்கள், எல்லா உயிரும் நீரினின்று ஆக்கப்பட்டன என்றும், முதல் மனிதர் களிமண்ணால் வனையப்பட்டார் என்றும் குர்ஆன்வழி நம்புவர். அணித்தேயுள்ள விருதுநகரில் 1931ஆம் ஆண்டு சுயமரியாதை இயக்கத்தார் தம் மாகாண மாநாட்டைக் கூட்டினர். படைத்தவன் என்று ஒருவனும் இல்லை என்னும் அவ்வியக்கத்தின் குரலும் நம் மண்ணின் குரலேயாம்.

அக்குரல் மேனாட்டினின்று இறக்குமதியான புதுமை என்பாருக்கு மணிமேகலையைக் காட்டுவேன். 'சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை'யில் பூதவாதி ஒருவன் வருகின்றான். ஆத்திப்பூவும் வெல்லமும் பிறவும் கூடியவிடத்துக் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்களின் கூட்டத்தால் உணர்வு பிறக்கும் என்பது அவன் கொள்கை. ஏறக்குறைய இன்றைய பொருள்முதல்வாதியின் வாதமே அது. கண்கூடாகக் காண்பதையன்றி வேறொன்றையும் கொள்ளேன் என்றும் அவன் கூறுகின்றான். அது கேட்டு மணிமேகலை நகைத்து, அனுமானம் இன்றி உன் தாய்தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகின்றாள்.

அவ்வினா பூதவாதியின் வாயை அடைத்ததென்று நம்மவர் மகிழலாம். ஆயின் அவ்வம்பு திரும்பி எம்மேலும் பாயும் என்பதை யான் தாமதித்தே உணர்ந்தேன். எங்கள் சபை அன்பர்கள் அறிவியலாரை நோக்கி, "குரங்கினத்தோடு மனிதனுக்கு உறவென்கிறீரே, நீர் கண்டீரோ?" என்று கேட்பர். கண்டதில்லைதான். ஆனால் பாறையில் பதிந்த எலும்பையும், உயிரணுவில் எழுதப்பட்ட மரபுச் சுவடிகளையும் கொண்டு, பிள்ளையின் முகத்தில் தந்தையைக் காண்பதுபோல அவர்கள் உய்த்துணர்கின்றனர். அனுமானத்தைப் பூதவாதிக்கு எதிராக ஏற்றுக்கொண்டு, டார்வினுக்கு எதிராக மறுத்தல் நேர்மையன்று.

இனி, இரண்டு வினாக்களை ஒன்றாய்க் குழப்புவோர் பலர். உயிரினங்கள் எவ்வாறு பலவாயின என்பது ஒன்று. முதல் உயிர் எவ்வாறு தோன்றிற்று என்பது மற்றொன்று. டார்வின் 1859இல் வெளியிட்ட நூல் முன்னதற்கே விடை கூறுவது. அவ்விடை இன்று மிக்க உறுதி பெற்றுள்ளது. பின்னதற்கு முழுவிடை இன்னும் கிட்டவில்லை. பூமியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் ஏறத்தாழ 348 கோடி ஆண்டுக்கு முற்பட்ட நுண்ணுயிரின் சுவடுகள் உள. 1924இல் ரஷ்யராகிய ஒபாரினும், 1929இல் ஆங்கிலேயராகிய ஹால்டேனும், உயிரற்ற பொருள்கள் ஆதிக் கடலிற் படிப்படியாய்க் கூடி உயிராயின என்று கருதினர். இந்த ஹால்டேன் 1957இல் நம் நாட்டிற்கே வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். 1953இல் மில்லர் என்னும் இளைஞர் மீதேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றினூடே மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இற் கொணர்ந்த மண்ணில், நம் உடலின் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருந்தமை 2025இல் வெளியாயிற்று. செங்கற்கள் வானிலும் கிடைக்கின்றன. வீடு கட்டப்பட்ட வகைதான் இன்னும் விளங்கவில்லை.

இவ்விடத்தேதான் இருசாரார்க்கும் சோதனை. விடை கிட்டாத இடத்தைக் கண்டு, "இதோ, இங்கே தேவன் இருக்கிறார்" என்று கைகொட்டும் விசுவாசி ஒருவர். "விடை நாளை வரும், ஆகவே தேவன் இல்லை" என்னும் நாத்திகர் மற்றொருவர். நாத்திக நண்பருக்கு யான் கூறுவது இதுவே: பாஸ்டரின் குடுவையும் மில்லரின் குடுவையும், பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சொல்லும், பொருள்கள் ஏன் உள்ளன என்பதை எக்குடுவையும் சொல்லாது. விசுவாசிக்கு யான் கூறுவது என் பாட்டியாரின் தவளையைத்தான். மண்ணுக்குள் நிகழ்வதைக் காணாதவிடத்து அவர் மண்ணுக்குத் தாய்மை அளித்தார். ஒருவன் மண்வெட்டியோடு வந்து தோண்டிய அன்றைக்கு அத்தாய்மை மறைந்தது. நாம் அறியாத இடங்களிலெல்லாம் ஆண்டவரை ஒளித்து வைப்போமாயின், அறிவு வளர வளர அவருக்கு இடம் குறையும். அத்தகைய சிறு தெய்வத்தை யான் ஆராதிக்கவில்லை. தவளை உறங்கிக் கிடந்ததை அறிந்தபின், அவ்வறிவுக்காகவும் அவருக்கே நன்றி செலுத்துகின்றேன்.

அங்ஙனமாயின் ஆதியாகமம் பொய்யோ என்று கேட்கப்படும். தமிழ் கற்பவன் என்ற முறையில் விடை கூற முயல்வேன். பாலைத்திணைப் பாடலைப் படிப்போர் அதனை நிலநூல் என்று கொள்வதில்லை. வெம்மையும் கள்ளியும் பருந்தும் அங்கே பிரிவின் துயரை உணர்த்த வந்தவை. அதனால் அவை பொய்யாவதும் இல்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மரங்களும் விலங்குகளும் முன்னர்த் தோன்ற மனிதன் பின்னர்த் தோன்றுகின்றான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முன்னர் உருவாக்கப்படுகின்றான். இரண்டையும் அருகருகே வைத்துத் தொகுத்த ஆன்றோர் இவ்வேறுபாட்டைக் காணாத பேதையர் அல்லர். நாட்கணக்கைச் சொல்லுதல் அவர் கருத்தாயின் ஒன்றை நீக்கியிருப்பர். மேலும், முதல் அதிகாரத்திலேயே நீரும் நிலமும் உயிர்களைப் பிறப்பிக்கக் கட்டளை பெறுகின்றன. ஏறத்தாழ 1,600 ஆண்டுகட்கு முன்னரே தூய அகுஸ்தீன், படைப்பின் ஆறு நாள்களை நம் நாள்களைப்போற் கொள்ளலாகாதென்றும், தேவன் உலகில் வித்துகளாய் வைத்தவை காலத்தில் விரிந்தன என்றும் எழுதினார். டார்வினின் கொள்கையை அமெரிக்காவில் ஆதரித்துப் பேசிய தாவரநூலறிஞர் ஆசா கிரே, பக்தியுள்ள கிறிஸ்தவர்.

இவ்வாறு கூறுவதால் எல்லாத் தடையும் நீங்கிற்றென்று யான் கருதவில்லை. எண்ணற்ற உயிர்கள் பசித்தும் கொன்றும் மாண்ட நெடிய வழியினூடே மனிதன் வந்தான் என்பதை, அன்பே உருவான தேவனோடு பொருத்திப் பார்க்கும்போது என் உள்ளம் தடுமாறுகின்றது. அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆயினும், தடுமாற்றத்தை மறைத்து வைத்த விசுவாசத்தைவிட, அதனை ஜெபத்தில் வாய்விட்டுச் சொல்லும் விசுவாசம் மேலானது என்று எண்ணுகின்றேன்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை நம் தமிழன்பர்கட்கு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தமையைக் காட்டி, டார்வினுக்கு முன்னரே நாம் பரிணாமம் கண்டோம் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது நுண்ணிய வகைப்பாடு. ஓரினம் மற்றோரினமாய் மாறிய வரலாறன்று. வேதத்தை அறிவியல் நூலாக்குவோரின் பிழையும் இதுவும் ஒன்றே.

விடுமுறை முடியுமுன் ஓர் இரவு, இவற்றுட் சிலவற்றைத் தந்தையாரிடம் தயங்கித் தயங்கிக் கூறினேன். அவர் உடன்படவில்லை, சினக்கவும் இல்லை. "நாளைக்கு அந்த இரண்டு அதிகாரத்தையும் மூன்று பேரும் சேர்ந்தே வாசிப்போம், தம்பி தன் புத்தகத்தையும் கொண்டு வரட்டும்" என்றார். மறுநாள் அவ்வாறே அமர்ந்தோம். முடிவு ஒன்றும் எட்டவில்லை. ஆனால் ஒரே விளக்கின் கீழ், ஒரே பாயின்மேல், இரண்டு நூல்களும் திறந்து கிடந்தன. தம்பி அன்று தலையசைத்துவிட்டுப் போகவில்லை. உறக்கம் வரும்வரை வினவிக்கொண்டே இருந்தான்.