முதுமைக்கும் ஒரு தமிழ்ச் சூழல் வேண்டும்

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலரின் முகம் சுருங்குகின்றது. பெற்றோரை அங்கே விடுவது பாவமென்றும், அது வெள்ளைக்காரரின் வழக்கமென்றும் பேசிக்கொள்கின்றோம். பெற்றோரைத் தெய்வமெனப் போற்றித் தொடங்கும் கொன்றைவேந்தனைப் பாலர் வகுப்பிலேயே படித்த சமூகத்தில் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் அரச முதியோர் இல்லம் ஒன்று உண்டென்பதை நாம் மறத்தலாகாது. தள்ளாமையும் தனிமையும் எந்நாட்டவர்க்கும் பொதுவானவை.

1980களில் இளைஞராய் டென்மார்க்கிற்கு வந்தோர் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டியுள்ளனர். தொழிற்சாலைகளில் உழைத்து, ஹேர்னிங்கில் விநாயகருக்கும் பிரண்டாவில் அபிராமி அம்மனுக்கும் கோயில் கண்டு, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடசாலைகளையும் அமைத்துத் தந்த தலைமுறை அது. 60 வயதைக் கடந்த பெற்றோரை இங்கே அழைத்துக்கொள்ளும் உரிமை 2002 இல் நீக்கப்பட்டது. ஆதலால் பலர் தம் தாய் தந்தையரின் முதுமையைத் தொலைபேசியிலேயே கேட்டறிந்தனர். அவர்தம் பிள்ளைகளோ வீட்டில் ஒரு முதியவரைப் பேணிக் கண்டதில்லை. முன்னனுபவம் இல்லாமலே இரு தலைமுறையினரும் இப்போது முதுமையை எதிர்கொள்கின்றனர்.

கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில், மறதிநோய் கண்ட தாயைப் பகல் முழுவதும் தனியே விடுவதும் பராமரிப்பு ஆகாது. இந்நாட்டு இல்லங்கள் எத்தகையவை என்பதை அறிந்த பின்னரே அவற்றைப் பழிக்க வேண்டும். 1987 இல் இயற்றப்பட்ட முதியோர் வீட்டுச் சட்டத்தின் பின்னர், பழைய பாணி இல்லங்கள் புதிதாகக் கட்டப்படுவது நின்றது. பின்னர் வந்த பராமரிப்பு வீடுகளில் முதியவர் நோயாளி அல்லர், வாடகைக்குக் குடியிருப்பவர். அவருக்கெனத் தனிக் கதவு உண்டு. தம் கதிரையையும் சுவாமிப் படத்தையும் உடன் கொண்டுசெல்லலாம். வாடகையும் உணவுச் செலவும் அவருடையவை, பராமரிப்புக்குக் கட்டணமில்லை. இல்லத்து இடம் தேவையெனக் கொமூன் முடிவுசெய்தவருக்கு இரண்டு மாதங்களுக்குள் இடம் வழங்க வேண்டும் என்ற உத்தரவாதம் 2009 முதல் உண்டு. பிரெடெரிக்ஸ்பேர்க்கில் ‘லொட்டே’ இல்லத்தை 1988 முதல் பல்லாண்டு நடத்திய தூரா பிராங்க் என்னும் தாதி, இல்லம் மருத்துவமனையைப் போலன்றி வீட்டைப் போல் இருத்தல் வேண்டுமென வற்புறுத்திப் புகழ்பெற்றார். 2016 இல் அவர் முதியோர் அமைச்சருமானார்.

எனினும், அறையும் மருந்தும் மட்டும் ஆறுதல் தந்துவிடா. மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்குவதும் தாய்மொழி நெடுநாள் நிலைப்பதும் பலரிடம் காணப்படுகின்றன. முப்பது ஆண்டுகள் டெனிஷ் பேசியவரும் ஒருநாள் ‘தண்ணி’ என்று மட்டுமே கேட்கக்கூடும். அது விளங்காத பணியாளர் அவரை அடம்பிடிப்பவர் என்று எண்ணக்கூடும். பசித்த வயிறு சோற்றையும் இரசத்தையும் தேடும்; காது கோயில் மணியைத் தேடும். கொபன்ஹேகனில் பல பண்பாட்டினருக்கும் ஏற்ற பராமரிப்பைத் தன் சிறப்பாகக் கொண்ட பீடர் லுக்கே நிலையம் உள்ளது. ஆனால் நம்மவரோ யூலண்டின் சிறு நகரங்களில் சிதறி வாழ்கின்றனர். ஓர் ஊரில் இருவர், மற்றோர் ஊரில் மூவர் என்றிருந்தால் நமக்கென எவர் இல்லம் அமைப்பார்?

ஆகவே முயற்சி நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். முதலாவது, உடலும் நினைவும் நன்றாயிருக்கும்போதே பெற்றோரும் பிள்ளைகளும் இதுபற்றி மனம்விட்டுப் பேசுதல் வேண்டும். இரண்டாவது, இல்லத்தைத் தெரிவுசெய்யும் உரிமை சட்டத்தில் உண்டு. வேறு கொமூனிலுள்ள இல்லத்தையும் கேட்கலாம். குறிப்பிட்ட இல்லமே வேண்டுமென்போருக்கு இரண்டு மாத உத்தரவாதம் பொருந்தாது, காத்திருக்க நேரலாம். ஆயினும் நண்பர்கள் சிலர் ஒரே இல்லத்தை விரும்பிக் கேட்டால், அங்கே ஒரு சிறு தமிழ்த் திண்ணை உருவாகும். மூன்றாவது, ஒவ்வொரு கொமூனிலும் 60 வயதைக் கடந்தோர் தெரிவுசெய்யும் முதியோர் சபை உண்டு. அதில் நம்மவரும் போட்டியிட்டு, உணவும் மொழியும் வழிபாடும் குறித்துப் பேச வேண்டும்.

நான்காவது பணி மாணவச் செல்வங்களே, உங்களுடையது. தமிழ் படித்து என்ன பயன் என்று நீங்கள் அடிக்கடி கேட்கின்றீர்கள். பசி, நோவு, குளிர், பயம் என்ற நான்கு சொற்களைத் தமிழிலும் டெனிஷ் எழுத்திலும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தாலே, பராமரிப்பாளருக்கும் ஒரு பாட்டிக்கும் இடையிலுள்ள சுவர் பாதி இடிந்துவிடும். மாதமொருமுறை சென்று அரைமணி நேரம் அவருடன் தமிழில் பேசினால் மீதியும் இடியும். உங்களுக்காகச் சனிக்கிழமைகளைக் கொடுத்த தலைமுறைக்கு நீங்கள் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடன் அதுவே.