முத்திரை குத்தியவர் யார்?

“படிக்காத ஜனங்கள்! இவர்கள் ஏமாறாமல் வேறு யார் ஏமாறுவார்கள்?” என்றார் என் நண்பர்.

ராமேசுவரம் போகிற வழியில், தங்கச்சிமடத்தில் டீ குடிக்க இறங்கியிருந்தோம். சாலையோரத்தில் ஒரு வேன். அதன் தலையில் ஒலிபெருக்கி. கீழே விரித்த தார்ப்பாயில் வேர்களும் எண்ணெய்ப் புட்டிகளும். ‘பரம்பரை வைத்தியர்’ என்ற பலகையில், அவர் யாரோ ஒரு பிரமுகரிடம் பொன்னாடை வாங்கிக்கொள்ளும் படம்; பக்கத்தில், கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரு பத்திரிகைப் பக்கம். முட்டிவலிக்குச் சூரணம், பொட்டலம் முந்நூறு ரூபாய். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

நண்பர் பட்டதாரி. ஏழைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அது போதும் என்று நினைப்பவர். நான் அவருக்குப் பதில் சொல்லாமல், பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்த ஓர் அம்மாளிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலுக்குள் மூழ்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையாம்மா?”

“போனேனே! அக்கரைக்குப் போகணும்னாக. போனா ஒரு நாள் வேலை போச்சு. ஒரு வாரங் கழிச்சு வரச் சொன்னாக. அதுல ஒரு நாளு. கூட வந்த மகளுக்கும் ரெண்டு நாளு. பஸ்ஸுக்குக் காசு வேற. நீங்களே கூட்டிப் பாருங்கய்யா. இது வாசல்லயே கிடைக்குது. ரெண்டு நாள்ல வலி போயிருது.”

கூட்டிப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. 1988இல் பாம்பனில் சாலைப் பாலம் வந்தது. அதற்கு முன் அக்கரைக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். ராமநாதபுரத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் போன கூலியைப் பாலம் திருப்பித் தராது.

வலி போகிறது என்று அவர் சொன்னதும் பொய்யல்ல. அங்கேதான் விபரீதம். இம்மாதிரி வலிச் சூரணங்களில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பது நாட்டின் பல இடங்களில் சோதனையில் அகப்பட்டிருக்கிறது. அது வீக்கத்தை அடக்கும், வலியை அடக்கும். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாளின் பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் வெறும் வேரும் பட்டையும் இரண்டே நாளில் இந்த வேலையைச் செய்யும் என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை.

இது நம் நாட்டுக்கே உரிய மூடத்தனம் என்று எண்ணுகிறவர்கள், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். மான்செஸ்டர் தொழிலாளிகளைப் பற்றி எங்கெல்ஸ் 1845இல் எழுதிய புத்தகத்தில், ‘பார் ஆயுள் மாத்திரை’ என்ற சரக்கு வாரத்துக்கு 20,000 முதல் 25,000 பெட்டி வரை விற்கும் என்று கணக்குச் சொல்கிறார். மலச்சிக்கலுக்கு ஒருவன் தின்றான். பேதிக்கு இன்னொருவன் அதையே தின்றான்! டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் வேறென்ன செய்வான்? ஆலைக்குப் போகும் தாய்மார்கள், அழுகிற குழந்தைக்கு ‘காட்ஃப்ரே கார்டியல்’ என்ற அபின் கலந்த பாகைப் புகட்டிவிட்டுப் போனார்கள். அதில் கண் விழிக்காமலே போன குழந்தைகள் உண்டு.

‘பீச்சம் மாத்திரை’யைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஆராய்ந்து 1909இல் வெளியிட்டது. உள்ளே இருந்தவை கரியபோளம், இஞ்சி, சோப்பு. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸ் விற்ற பெட்டியில் சரக்கின் மதிப்பு அரைக் காசு, அதாவது அரை ஃபார்தின். வகுத்துப் பாருங்கள்: சரியாக 108 மடங்கு!

எனக்கு அதிலெல்லாம் பெரிதாகப் படுவது ஒரு சின்னக் காகிதத் துண்டு. 1783 முதல் 1941 வரை இத்தகைய மருந்துகளுக்கு அங்கே முத்திரை வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் சர்க்கார் முத்திரைத்தாள் ஒட்டப்பட்டது. அது வெறும் ரசீது. ஜனங்களோ அதை சர்க்காரின் நற்சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். வியாபாரி அந்த எண்ணத்தைக் கலைப்பானா? சர்க்காருக்கும் வரி வந்துகொண்டிருந்தது. ஏமாந்தவன் ஏழை, முத்திரை குத்தியவன் படித்தவன்.

சித்த வைத்தியத்தை நான் ஏசுவதாக யாரும் கச்சை கட்ட வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அதற்கு அரசாங்கக் கல்லூரி நடக்கிறது. அங்கே வருஷக்கணக்கில் படித்துவிட்டு வருகிறவர்களின் பெயரைத்தானே இந்த வேன் வைத்தியர்கள் முதலில் கெடுக்கிறார்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954ஆம் வருஷத்து மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம், ஆண்மைக்குறைவு என்று 54 நோய்களை அட்டவணை போட்டு, இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யாதே என்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. விளம்பரம் கொடுத்தவனை மட்டுமல்ல, அதை வெளியிடுவதில் பங்கு கொண்டவனையும் அது பிடிக்கும். அப்படியிருந்தும் எத்தனை வாரப் பத்திரிகைகளில், எத்தனை தேதிகள், எத்தனை லாட்ஜ் அறை எண்கள்! நாமெல்லாம் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுத் தொடர்கதைக்குப் போனவர்கள்தாமே?

“சூரணத்தை எப்படி நம்பினீங்க?” என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

அவர் பலகையைக் கையால் காட்டினார். “பத்திரிகையிலேயே போட்டிருக்கேய்யா. படிச்சவுக பொய்யா போடுவாக?”

கிட்டே போய்ப் பார்த்தேன். பேட்டி மாதிரி எழுதப்பட்ட விளம்பரம். பக்கத்தின் அடியில் பத்திரிகையின் பெயர். என் தொடர்கதை ஒன்று அதில் ஒரு வருஷம் வந்திருக்கிறது.

அந்த நாளில் ஒரு முறை, என் அத்தியாயத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே இப்படி ஒரு விளம்பரம் வந்ததைப் பார்த்துவிட்டு, ஆசிரியரிடம் போய்க் கேட்டதுண்டு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அந்தப் பக்கம் இல்லாவிட்டால் உங்களுக்குச் சன்மானம் ஏது, ஐயா?” என்று சிரித்தார்.

அந்த மாதச் சன்மானம் தேதி தவறாமல் வந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.